‘எங்கள்’ என்ற சொல்லும் ஓர் எல்லைப்புற ஆயரும்

(ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது. கூறியது கூறல்களைக் களைந்து எழுதியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம்.

ஓர் ஆயரை, அதாவது ஒரு கத்தோலிக்க பிஷப்பைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும் நண்பர்கள் சிலர் புருவத்தை உயர்த்தினார்கள். நியாயம்தான். நான் கிறிஸ்தவன் அல்ல. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் இலக்கணம் நடத்திச் சோறு தின்றவன். இந்த மனிதரிடம் நான் போய்ச் சேர்ந்ததும் இலக்கணத்தின் வாசல் வழியாகத்தான்.

‘நாம்’, ‘நாங்கள்’ வேறுபாட்டை வகுப்பில் நடத்தும்போது பையன்களிடம் ஒன்று சொல்வேன். ‘நாம் சினிமாவுக்குப் போகிறோம்’ என்றால் கேட்கிறவனுக்கும் டிக்கெட் உண்டு. ‘நாங்கள் போகிறோம்’ என்றால் அவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆங்கிலத்தில் இதற்கு வழியில்லை, ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள். ஒருநாள் ஒரு பையன் எழுந்து, ‘சார், நம்மைத் தவிர வேறு யாருக்காவது இந்த வசதி இருக்கா?’ என்று கேட்டான். திராவிட மொழிகளைச் சொன்னேன். ‘தூரத்தில் இருக்கிறவங்க யாராவது?’ என்றான். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. தேடப் போன இடத்தில் வட அமெரிக்கப் பேரேரிகளின் கரையில் வாழும் அனிஷினாபே மக்களின் ஒஜிப்வே மொழி கிடைத்தது. அந்த மொழிக்கு 1850-இல் 576 பக்கத்தில் ஓர் இலக்கணம், 1853-இல் 662 பக்கத்தில் ஓர் அகராதி. இரண்டையும் எழுதியவர் ஒரே ஆள். பெயர் ஃபிரெடெரிக் பராகா. அமெரிக்கர் அல்ல, ஆங்கிலேயரும் அல்ல. இன்றைய ஸ்லோவேனியாவில் பிறந்தவர். பனியில் நடந்தே ஊர் ஊராகப் போன கத்தோலிக்க மிஷனரி. அகராதி வந்த அதே 1853-இல் ஆயரானவர்.

அவரைப் பற்றித்தான் இன்றைக்கு.

பிறந்தது 1797 ஜூன் 29. ஊர் மாலா வாஸ், ஹாப்ஸ்பர்க் பேரரசின் கார்னியோலா மாகாணம். சிறிய நிலப்பிரபுக் குடும்பம். பதினொரு வயதில் தாய் போனார், பதினைந்து ஆவதற்குள் தந்தையும் போனார். அப்புறம் லுப்லியானாவில் டோலினார் என்ற பேராசிரியர் வீட்டில் வளர்ந்தார். வீட்டில் ஸ்லோவேனிய மொழி, அரசாங்கத்தில் ஜெர்மன், பள்ளியில் லத்தீனும் கிரேக்கமும். நடுவில் நான்கு வருஷம் நெப்போலியனின் ஆட்சி அந்த நாட்டுக்கு வந்து போனது, ஆகவே பிரெஞ்சும். இத்தனை மொழிகளும் அவருக்குச் சூழ்நிலை கொடுத்தவை. கஷ்டப்பட்டுக் கற்ற முதல் மொழி ஒஜிப்வேயின் உறவுமொழியான ஒட்டாவா. அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று.

வியன்னாவில் சட்டம் படித்தார். டோலினாரின் மகள் அன்னாவோடு நிச்சயமும் ஆனது. 1821-இல் படிப்பு முடிந்த கையோடு நிச்சயத்தை முறித்துக்கொண்டு குருமடத்தில் சேர்ந்தார். தந்தை விட்டுப்போன ட்ரெப்னே மாளிகையை அக்கா அமாலியாவுக்கு எழுதிக் கொடுத்தார். 1823 செப்டம்பரில் குருப்பட்டம். அன்னா என்ன நினைத்தாள் என்பதை ஆயரின் பெருமை பாடும் யாரும் அதிகம் கேட்டதாகத் தெரியவில்லை. எனக்கு அது ஒரு குறைதான்.

அந்தக் காலத்து கார்னியோலாவில் ஜான்செனியம் என்று ஒரு கண்டிப்பான போக்கு இருந்தது. பாவி அவ்வளவு எளிதாகத் திருப்பீடத்தை நெருங்கக் கூடாது, பாவமன்னிப்பை லேசில் கொடுக்கக் கூடாது என்கிற போக்கு. பராகா அதற்கு நேர் எதிர். பாவத்தை அறிக்கையிட அவருடைய பாவசங்கீர்த்தனத் தொட்டியின் முன்னால் பக்கத்துப் பங்குகளிலிருந்தும், அதாவது பக்கத்து ஆலய வட்டங்களிலிருந்தும், ஆட்கள் வந்து நின்றார்கள், பக்கத்துப் பங்குக் குருக்களுக்கு அது பிடிக்கவில்லை. மேலிடம் அவரைத் தொலைவில் மெட்லிகாவுக்கு மாற்றியது. அங்கேயிருந்து 1830-இல் ‘துஷ்னா பாஷா’ என்று ஒரு செபப்புத்தகம் போட்டார். ‘ஆன்ம உணவு’ என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்லோவேனிய மொழியில் அது பத்துப் பதிப்புக்குக் குறையாமல் ஓடியது. ஊரில் இருந்திருந்தாலும் நல்ல பெயரோடு வாழ்ந்திருப்பார் என்பதற்காகச் சொல்கிறேன்.

1829-இல் வியன்னாவில் லியோபோல்டின் அறநிறுவனம் என்று ஒன்று தொடங்கினார்கள், அமெரிக்க மிஷன்களுக்குப் பணம் அனுப்புவதற்காக. பராகா விண்ணப்பித்தார். சின்சினாட்டி ஆயர் ஃபென்விக் ஏற்றுக்கொண்டார். 1830 டிசம்பர் 1-ஆம் தேதி லெ ஆவ்ர் துறைமுகத்தில் கப்பலேறி, அந்த வருஷத்தின் கடைசி நாளில் நியூயார்க்கில் இறங்கினார். சின்சினாட்டி குருமடத்தில் ஒட்டாவா இனத்து இளைஞன் ஒருவன் குருவாகப் படித்துக்கொண்டிருந்தான். மொழிக்கு முதல் ஆசான் அவன்தான். பின்னால் ரோமுக்குப் படிக்கப் போய், குருப்பட்டம் வாங்குவதற்குள் அங்கேயே 1833-இல் இறந்து போனான். ஆசிரியர்களை வரலாறு எப்படி மறக்கிறது என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டாம். ஆசிரியர் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் உள்நோக்கம் உண்டு, மன்னிக்கவும்.

இப்போது ‘எல்லைப்புறம்’ என்ற சொல்லை நிறுத்திப் பார்க்க வேண்டும். யாருக்கு எல்லை? 1831 மே 28-இல் பராகா போய் இறங்கிய ஆர்ப்ர் க்ரோஷ், மிச்சிகன் ஏரியின் கரையில் ஒட்டாவா மக்களின் ஊர். பிரெஞ்சுப் பெயருக்கும் அவர்கள் வைத்த வாகனாகிசிங் என்ற பெயருக்கும் ஒரே பொருள், வளைந்த மரம். அங்கே சோளக்கொல்லை இருந்தது, மீன்பிடி இருந்தது, மேப்பிள் மரத்தில் பால் எடுத்துச் சர்க்கரை காய்ச்சுகிற பருவம் இருந்தது. ரோமம் வாங்குகிற வியாபாரி கடன் கணக்கோடு உட்கார்ந்திருந்தான். பராகா வருவதற்கு முன்பே அங்கே ஒரு சிற்றாலயமும் இருந்தது. காடு என்று சொல்வது வாஷிங்டனிலிருந்து பார்க்கிறவன் கண்ணுக்கு. அந்தக் கண்தான் முந்தைய வருஷம், 1830-இல், பூர்வகுடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே தள்ளுவதற்கு ஒரு சட்டம் போட்டிருந்தது. பராகாவின் அமெரிக்க வாழ்க்கை முழுவதும் அந்தச் சட்டத்தின் நிழலில் நடந்தது.

ஆர்ப்ர் க்ரோஷில் இரண்டேகால் வருஷம். 547 பேருக்குத் திருமுழுக்கு. எண்ணிக்கையை அவர் மிகக் கவனமாக வைத்திருந்தார், பணம் அனுப்பும் வியன்னாவுக்குக் கணக்குக் காட்ட வேண்டுமே! எனக்கு அந்த 547-ஐவிட முக்கியமாகப் படுவது வேறு. போய்ச் சேர்ந்த அடுத்த வருஷமே, 1832-இல், டெட்ராய்ட்டில் ஒட்டாவா மொழியில் ஒரு செபப்புத்தகம் அச்சாகிவிட்டது. அதன் பெயர் ‘ஒட்டாவா அனமியே மசினயிகன்’. ‘மசினயிகன்’ என்றால் கோடு கீறிய, குறி பொறித்த பொருள். அதையே காகிதத்துக்கும் புத்தகத்துக்கும் சொன்னார்கள். நம் ‘எழுத்து’ என்ற சொல்லுக்குள்ளும் கீறுவதும் வரைவதும் ஒளிந்திருக்கிறதல்லவா.

அந்தச் செபப்புத்தகத்தில் கட்டாயம் வர வேண்டியது, இயேசு கற்பித்த செபம். இங்கே கத்தோலிக்கர்கள் இருக்கிறீர்கள். அதன் முதல் வரியை மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். ‘விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே’. பழைய செபத்தில் ‘பரமண்டலங்களிலே இருக்கிற எங்கள் பிதாவே’. யாராவது ‘நம் தந்தையே’ என்று சொல்லியிருக்கிறோமா? மாட்டோம். ஏன்? ‘நம்’ என்றால் கேட்கிறவரும் உள்ளே வந்துவிடுவார். கேட்கிறவர் கடவுள். கடவுளுக்கு எது தந்தை? தமிழன் யோசிக்காமலே சரியாகச் சொல்லிவிடுகிறான்.

ஒஜிப்வேயிலும் ஒட்டாவாவிலும் அப்படியே. ‘கோஸ்ஸினான்’ என்றால் நம் தந்தை. ‘நோஸ்ஸினான்’ என்றால் எங்கள் தந்தை. செபத்துக்கு ‘நோஸ்ஸினான்’தான் வரும். லத்தீனிலும் ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் இந்தச் செபத்தைப் பல்லாயிரம் தடவை சொல்லி வளர்ந்த ஒருவர், அந்த மொழிகளில் எழாத ஒரு கேள்விக்கு இந்த ஏரிக்கரையில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஸ்லோவேனிய மொழியில் இருமை உண்டு. ‘நாங்கள் இருவர்’ என்பதற்குத் தனிச்சொல், ‘நாங்கள் பலர்’ என்பதற்குத் தனிச்சொல். ஆகவே ஒரு மொழியில் இரண்டு மூன்று ‘நாம்’ இருக்கலாம் என்பது அவருக்கு அதிர்ச்சியாக இருந்திருக்காது. ஆனால் பிரிக்கிற கோடு வேறு. ஸ்லோவேனியம் தலையை எண்ணுகிறது. ஒஜிப்வே, எதிரே இருக்கிற நீ உள்ளேயா வெளியேயா என்று கேட்கிறது.

பராகாவின் வாழ்க்கையைப் படிக்கப் படிக்க இந்தக் கேள்விதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மக்களிடம் அவர் பேசும்போது அவருடைய ‘நாம்’ எது?

1833-இல் கிராண்ட் ரிவர் கரைக்கு அனுப்பப்பட்டார். இங்கேதான் சாராயத்தை நேருக்கு நேர் பார்த்தார். ஒஜிப்வேயில் சாராயத்துக்கு ‘இஷ்கொதெவாபோ’ என்று பெயர். ‘இஷ்கொதெ’ என்றால் நெருப்பு, சேர்ந்து தீத்தண்ணீர். ரோம வியாபாரம் எப்படி நடந்தது என்றால், இலையுதிர் காலத்தில் பொறி, போர்வை, வெடிமருந்து எல்லாம் கடனுக்குக் கொடுப்பார்கள். வசந்தத்தில் ரோமத்தோடு வருகிறவனுக்கு முதலில் ஒரு குவளை ஊற்றுவார்கள். அதற்குப் பிறகு விலையை வியாபாரி சொல்வதுதான். ஒப்பந்தப்படி அரசு தரும் ஆண்டுப் பணம் பட்டுவாடா ஆகும் நாளில் பீப்பாய்கள் முன்கூட்டியே வந்து நிற்கும். குடியை விடச் சொல்கிற பாதிரி இந்தக் கணக்கில் நேரடி நஷ்டம். ஓர் இரவு, குடித்த கூட்டம் ஒன்று அவர் வீட்டைச் சூழ்ந்து கதவை உடைக்கப் பார்த்தது. உள்ளே முழங்காலில் இருந்தவர், இனி வாழ்நாளில் மதுவைத் தொடுவதில்லை என்று அன்றைக்குச் சபதம் எடுத்தார். வைன் ஓடும் நாட்டிலிருந்து வந்தவர் என்பதை நினைவில் வையுங்கள். நிலத்தை விட்டுப் போக மறுக்கிற மக்களின் பக்கம் நின்றார் என்று அரசு அதிகாரிகளுக்கும் கசப்பு. 1835-இல் அங்கிருந்து கிளம்ப வேண்டியதாயிற்று.

அந்த ஜூலை 27-இல் சுப்பீரியர் ஏரியின் மேடலின் தீவில், லா பாய்ன்ட் என்ற ரோம வியாபார நிலையத்தில் வந்து இறங்கினார். சுப்பீரியர் ஏரியை ‘ஏரி’ என்று சொன்னால் நமக்கு வீராணம்தான் மனதில் வரும். இலங்கைத் தீவை அப்படியே தூக்கி அதற்குள் வைத்தாலும் இடம் மிச்சமிருக்கும். ஒஜிப்வே அதைக் கடல் என்றே சொல்கிறது, ‘கிச்சிகமி’, பெருநீர். லா பாய்ன்டில் ஆலயம் கட்டினார். காசுக்காக 1836-37-இல் ஐரோப்பா போய் வந்தார், போன இடத்தில் பாரிஸில் ஒஜிப்வேப் புத்தகங்களை அச்சிட்டார். திரும்பும்போது கணவனை இழந்த தங்கை அன்டோனியாவையும் அழைத்து வந்தார். வியன்னா நாகரிகத்தில் பழகிய அந்த அம்மாள் சில குளிர்காலங்கள் மீன் சமைத்து, குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிவிட்டு, உடம்பு தாங்காமல் கிழக்கே போய்விட்டார். குறை சொல்ல என்னால் முடியாது. எனக்குக் கொடைக்கானலிலேயே பல் கிட்டுகிறது.

1842-இல் லா பாய்ன்டில் ஓர் ஒப்பந்தம். மிச்சிகன் மேல் தீபகற்பத்தின் மேற்குப் பாதியையும் விஸ்கான்சினின் வடக்கையும் ஒஜிப்வேக்கள் எழுதிக் கொடுத்தார்கள். காரணம் ஒரே சொல்தான், செம்பு. கீவீனா தீபகற்பத்தில் செம்பு சுத்த உலோகமாகவே பாறையில் கிடந்தது. அடுத்த வருஷமே ஆட்கள் குவிய ஆரம்பித்தார்கள். அதே வருஷம், 1843 அக்டோபரில், பராகா கீவீனா விரிகுடாவின் லான்ஸுக்குக் குடிபெயர்ந்தார். அழைத்தவர் கிரெபாஸா என்ற ரோம வியாபாரி. வியாபாரிகள் எல்லோரும் ஒரே அச்சு அல்ல என்பதற்காக இதையும் சொல்ல வேண்டும்.

விரிகுடாவின் ஒரு கரையில் மெதடிஸ்ட் என்ற புராட்டஸ்டன்ட் சபையின் மிஷன், எதிர்க்கரையில் இவர். ஆலயம், பள்ளி, மரக்கட்டை வீடுகள் எழும்பின. குடியை விடுவதாக வாக்குக் கொடுத்தவர்களுக்கு வீடு. இதைவிடப் பெரிய காரியம் ஒன்று சத்தமில்லாமல் நடந்தது. அந்த மிஷன் நிலத்தைத் தன் சொந்தப் பெயரில் அரசாங்கத்திடமிருந்து விலைக்கு வாங்கினார். பூர்வகுடி வைத்திருந்தால் ஒரு கையெழுத்தில் பறித்துவிடலாம், வெள்ளைக்காரப் பாதிரி பெயரில் பட்டா இருந்தால் அவ்வளவு சுலபமில்லை. வியன்னாவில் சட்டம் படித்தது வீண்போகவில்லை பாருங்கள்.

அது எவ்வளவு அவசியம் என்று 1850-இல் தெரிந்தது. அதிபர் டெய்லர் ஒஜிப்வேக்களை வெளியேற்ற உத்தரவிட்டார். ஆண்டுப் பணத்தை லா பாய்ன்டில் தராமல், தொலைவில் மினசோட்டாவின் சாண்டி லேக்குக்கு வரச் சொன்னார்கள். வந்தவர்களை வாரக்கணக்கில் காக்கவைத்தார்கள். பணமும் வரவில்லை, கொடுத்த உணவும் கெட்டுப்போனது. குளிர்காலம் சாத்திக்கொண்டதும் திரும்பி நடந்தார்கள். அங்கேயும் வழியிலுமாக ஏறத்தாழ 400 பேர் இறந்தார்கள். லா பாய்ன்ட் தலைவர் கெச்செவைஷ்கே தொண்ணூறைக் கடந்த கிழவர். 1852-இல் படகும் கப்பலும் ரயிலுமாக வாஷிங்டன் போய், அதிபர் ஃபில்மோரை நேரில் கண்டு உத்தரவை நிறுத்த வைத்தார். 1854 ஒப்பந்தத்தில்தான் லான்ஸ் உள்ளிட்ட இடங்கள் ஒஜிப்வேக்களின் சொந்த ஒதுக்கீட்டு நிலங்களாயின. இதைப் பராகா சாதித்ததாக எழுதுகிறவர்கள் உண்டு. அது தவறு. சாதித்தவர்கள் அந்த மக்கள். பராகா தன் கைக்கு எட்டியதைச் செய்தார்.

இப்போது நடை. அவருக்குப் ‘பனிச்செருப்புப் பாதிரி’ என்றே பெயர். வளைத்த மரச் சட்டத்தில் தோல்வாரைப் பின்னி, டென்னிஸ் மட்டையைக் காலில் கட்டிக்கொண்டது போல இருக்கும். மெத்தென்ற பனியில் கால் புதையாது. ஆனால் ஒவ்வோர் அடிக்கும் காலை அகட்டித் தூக்க வேண்டும், பழகாதவனுக்குக் கணுக்கால் வீங்கிவிடும். லான்ஸிலிருந்து செம்புச் சுரங்கங்களுக்கு, அங்கிருந்து ஒன்டனாகனுக்கு, அங்கிருந்து லா பாய்ன்டுக்கு என்று ஐம்பதைத் தாண்டியும், ஆயரான பிறகும் நடந்தார். முதுகு மூட்டையில் போர்வை, பூசைச் சாமான், கொஞ்சம் ரொட்டி.

ஒரு கதை உண்டு. ஏரிப் பனிமேல் ஒரு பூர்வகுடித் துணையோடு நடந்துகொண்டிருந்தபோது, காலடியில் இருந்த பனித்தட்டு கரையைவிட்டுப் பிய்ந்து மிதக்கத் தொடங்கிவிட்டது. துணைக்கு வந்தவர் கதி முடிந்தது என்று உட்கார்ந்துவிட்டார். பராகா செபம் சொல்லிக்கொண்டிருந்தார். காற்று திரும்பி, தட்டு அவர்கள் போக வேண்டிய பக்கத்திலேயே கரை ஒதுங்கியது. ‘பார், நடக்காமலே எவ்வளவு தூரம் வந்துவிட்டோம்’ என்கிற மாதிரி ஏதோ சொன்னாராம். கதை சொல்லச் சொல்ல மெருகேறியிருக்கலாம். ஆனால் 1846-இல் நடந்ததற்கு அடையாளம் இருக்கிறது. வடகரையில் ஒஜிப்வேக்களிடையே நோய் என்று கேட்டு, லூயி கோடான் என்பவரோடு சின்னப் படகில் ஏரியைக் குறுக்கே கடந்தார். கரையோரமாகச் சுற்றிப் போவதுதான் வழக்கம், நாள்கணக்கில் ஆகும். நடுவில் புயல். எப்படியோ ஓர் ஆற்று வாய்க்குள் அலை தூக்கிக் கொண்டுபோய்ப் போட்டது. இருவரும் ஒரு மரத்தை வெட்டிச் சிலுவை நட்டார்கள். அந்த ஆற்றுக்கு இன்றைக்கும் கிராஸ் ரிவர், சிலுவை ஆறு, என்றுதான் பெயர். மரச்சிலுவை இருந்த இடத்தில் இப்போது கருங்கல் சிலுவை.

எனக்கோ இந்த வீரதீரங்களைவிட, லான்ஸின் நீண்ட குளிர்கால இரவுகளில் அவர் எழுதிய இலக்கணம்தான் பெரிது. காலையில் மூன்று நான்கு மணிக்கே எழுந்து செபத்தில் உட்காருகிறவர், எழுதவும் நேரம் வைத்திருந்தார். அந்த மொழியில் பெயர்ச்சொல் இரண்டு திணை, உயிருள்ளது, உயிரற்றது. உயர்திணை அஃறிணை அறிந்த நமக்கு இது புரியும் என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். கல் உயிருள்ளது. சமையல் பானை உயிருள்ளது. புகைக்குழாய் உயிருள்ளது. ராஸ்பெரிப் பழத்துக்கு உயிர் உண்டு, ஸ்ட்ராபெரிக்குக் கிடையாது! பனிச்செருப்பு, அவர்கள் பேச்சில் ‘ஆகிம்’, உயிருள்ளது. படகு உயிரற்றது. நம் தொல்காப்பியர் ‘மக்கட்சுட்டே’ என்று கோடு போட்டுப் போய்விட்டார், இங்கே அந்தக் கோடு பொருளுக்குள்ளேயே வளைந்து வளைந்து ஓடுகிறது. எந்தப் பொருள் எந்தப் பக்கம் என்பதற்கு ஏற்ப வினை மொத்தமும் உருமாறும். ‘பார்’ என்பதற்கே, உயிருள்ளதைப் பார்ப்பது ஒரு வினை, உயிரற்றதைப் பார்ப்பது வேறொரு வினை. புத்தகத்தின் பெரும்பகுதி வினைத்திரிபு அட்டவணைகள்தான்.

லான்ஸில் இவரிடம் திருமுழுக்குப் பெற்ற தலைவருக்கு எட்வர்ட் அசினின்ஸ் என்று பெயர். ‘அசின்’ என்றால் கல், ‘அசினின்ஸ்’ சின்னக் கல், கூழாங்கல். மிஷன் ஊருக்கும் அசினின்ஸ் என்றே பெயர் நிலைத்தது. ஒஜிப்வேக் கணக்கில் உயிருள்ள பெயர். விவிலியத்தில் பேதுரு என்ற பெயருக்கும் பாறை என்று பொருள் என்பது பாதிரியாருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

அச்சுக்கு டெட்ராய்ட், சின்சினாட்டி என்று போக வேண்டும். எழுத்துக் கோக்கிறவனுக்கு மொழி தெரியாது, ஒவ்வொரு தாளையும் ஆசிரியரே திருத்த வேண்டும். அகராதி முடிந்த 1853-இல் ஆயர் பதவி வந்தது. ஜூலையில் ரோம் மேல் மிச்சிகனைத் தனிப் பகுதியாக்கியது, நவம்பர் 1-ஆம் தேதி சின்சினாட்டியில் பேராயர் பர்செல் கையால் அபிஷேகம். உடனே செய்த காரியம் ஒன்று. புது ஆயர் தன் மக்களுக்குச் சுற்றுமடல் எழுத வேண்டும். ஆங்கிலத்தில் ஒன்று எழுதினார், ஒஜிப்வேயில் ஒன்று எழுதினார். ஆயரை ஒஜிப்வேயில் ‘கிச்சி மெகதெவிக்வனயே’ என்பார்கள், பெரிய கறுப்பு அங்கிக்காரர். பெரிய கறுப்பு அங்கி தங்கள் மொழியில் மடல் எழுதுவது அவர்களுக்கு முதல் தடவை.

ஆனால், எனக்குப் பட்டதைச் சொல்கிறேன், ஆயர் பதவி அவரை அவர் மக்களிடமிருந்து பிரித்துவிட்டது. தலைமையிடம் சூ செயின்ட் மேரி. 1855-இல் அங்கே கால்வாய் திறந்ததும் கப்பல்கள் நேராகச் சுப்பீரியர் ஏரிக்குள் நுழைந்தன. செம்புக்கும் இரும்புக்கும் அயர்லாந்துக்காரர்கள், ஜெர்மானியர்கள், பிரெஞ்சுக் கனடியர்கள் வந்து குவிந்தார்கள். இவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள், எல்லோருக்கும் ஆலயம் வேண்டும், குரு வேண்டும், அவரவர் மொழியில் பிரசங்கம் வேண்டும். அயர்லாந்துக்காரனுக்குப் பிரெஞ்சுப் பாதிரி ஆகாது, ஜெர்மானியனுக்கு ஐரிஷ் பாதிரி ஆகாது. ஆயர் ஒரே ஞாயிறில் பல மொழிகளில் பிரசங்கம் வைத்தார். 1852 முதல் 1863 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு கிடைக்கிறது. பெரும்பாலும் ஜெர்மன், நடுநடுவே ஆங்கிலம், பிரெஞ்சு, லத்தீன், ஸ்லோவேனியம், ஒஜிப்வே என்று ஒரே குழம்பு. பனி எத்தனை, முதல் கப்பல் எப்போது வந்தது, எந்தக் குரு சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார், இதெல்லாம்தான் விஷயம். நாடகமே இல்லை. அலுவலகக் குமாஸ்தாவின் சலிப்புத்தான். ஆனால் அதைப் படித்த பிறகுதான் அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

1854-இல் ஐரோப்பாவுக்குப் போய் ஆள் சேர்த்து வந்தார். வந்தவர்களில் ஒருவர் அவர் நாட்டுக்காரர் லவ்ரெங்ஸ் லவ்திஷார். 1858 டிசம்பரில் மினசோட்டாவின் ரெட் லேக் ஏரிப் பனியில் உறைந்து இறந்தார். ஊரில் இருந்தவரைத் தான்தானே கூட்டி வந்தோம் என்று ஆயருக்குத் தோன்றாமல் இருந்திருக்காது.

இனி கசப்பான பக்கம். சொல்லாமல் போனால் நான் உங்களை ஏமாற்றியவன் ஆவேன். பராகா அந்த மக்களின் மொழியை மதித்தார், சமயத்தை மதிக்கவில்லை. மிதேவின் என்கிற அவர்களுடைய மருத்துவ வழிபாட்டு மரபு அவருக்குப் பேய் காரியம்தான். மதம் மாறியவர்கள் கொண்டுவந்து கொடுத்த சடங்குப் பொருள்களை நெருப்பில் இட்டதை வெற்றியாகவே எழுதினார். கூந்தல், உடை, வீடு, உழவு, எல்லாவற்றிலும் ஐரோப்பியக் குடியானவனின் வாழ்க்கைதான் அவருக்கு அளவுகோல். அவருக்குப் பிறகு அதே அசினின்ஸில் பூர்வகுடிக் குழந்தைகளுக்கு அநாதை இல்லமும் விடுதிப் பள்ளியும் வந்தன. அமெரிக்கா முழுவதும் அத்தகைய விடுதிகள் அந்தக் குழந்தைகளின் வாயிலிருந்து தாய்மொழியைப் பிடுங்கின. ஒஜிப்வேயில் புத்தகம் அச்சிட்டவர் விதைத்த இடத்தில் அந்த வகைப் பள்ளி முளைத்தது. இதை அவர் தலையில் போடுவதா, வேண்டாமா? காலத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு நழுவ எனக்கு விருப்பமில்லை. அவர் ‘நாம்’ என்று கூப்பிட்டார், உள்ளே வருவதற்கு முன் பாதிப் பொருளை வாசலில் இறக்கி வைக்கச் சொன்னார். இரண்டும் உண்மை.

மொழியும் விநோதமாகத்தான் நடந்துகொண்டது. மதம் மாற்றுவதற்காகச் செய்த அகராதி, அந்த வேலை முடிந்தும் வாழ்கிறது. 1992-இல் மினசோட்டாவில் மறுபதிப்பு வந்தது. பாட்டி பேசிய மொழியை மீட்டுக் கற்கிற இன்றைய அனிஷினாபே இளைஞர்கள், பாட்டிக்கும் மறந்து போன ஒரு சொல்லைத் தேடி அதைத் திறக்கிறார்கள். அவர்களில் பூசைக்குப் போகிறவர்களும் உண்டு, மிதேவின் சடங்குக்கே திரும்பியவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் அதே பக்கம்தான்.

கடைசிக் காலம். தலைமையிடத்தை இரும்புத் துறைமுகமான மார்க்வெட்டுக்கு மாற்றி, 1866-இல் அங்கே குடியேறினார். அந்த அக்டோபரில் பால்டிமோரில் அமெரிக்க ஆயர்களின் பொதுச்சங்கம். அறுபத்தொன்பது வயதில், காது மந்தமாகி, கை நடுங்கி, அத்தனை தூரம் போனார். போன இடத்தில் பக்கவாதம் தாக்கிக் கீழே விழுந்தார். கழுத்தில் தொங்கிய ஆயர் சிலுவை மார்பில் குத்திவிட்டது. வெப்பமான ஊரில், நல்ல மருத்துவர்களோடு இங்கேயே தங்கிவிடுங்கள் என்றார்கள் மற்ற ஆயர்கள். அவருக்கு அதுதான் பயமாகிவிட்டது, தன்னைத் திரும்ப விடமாட்டார்களோ என்று. கூட வந்திருந்த ஹொனோராட்டஸ் பூரியோன் என்ற குருவிடம், என்னை வடக்கே கொண்டுபோய்விடு என்று கெஞ்சினார். பூரியோனும் அவரை ரயிலிலும் கப்பலிலுமாகப் பாதி தூக்கிக்கொண்டே மார்க்வெட் வந்து சேர்ந்தார்.

அதற்குப் பிறகு ஓராண்டுக்கு மேல் இருந்தார். 1868 ஜனவரி 19-இல் இறந்தார், நடுக்குளிர் காலத்தில். மார்க்வெட் பேராலயத்தில் அடக்கம். அவருக்குப் பின் வந்த இரண்டு ஆயர்களும் ஸ்லோவேனியர்களே. 2012-இல் ரோம் அவரை ‘வணக்கத்துக்குரியவர்’ என்று அறிவித்தது. புனிதர் பட்டத்துக்கு இன்னும் படிகள் உண்டு, அது அவர்கள் பாடு. மிச்சிகனில் ஒரு மாவட்டத்துக்கே பராகா என்று பெயர். லான்ஸ் பக்கத்தில் விரிகுடாவைப் பார்த்தபடி 35 அடி உயரச் செம்புச் சிலை ஒன்று நிற்கிறது. எந்தச் செம்புக்காக அந்த மக்களின் நிலம் போனதோ அதே உலோகம்! ஒரு கையில் சிலுவை, இன்னொரு கையில் ஆளுயரத்தை மிஞ்சிய பனிச்செருப்பு.

கேள்வி நேரத்தில் ஒரு கல்லூரி மாணவி எழுந்து, ‘அந்தப் பையனுக்குப் பதில் சொன்னீங்களா சார்?’ என்று கேட்டார். இல்லை. நான் பராகாவைக் கண்டுபிடித்தபோது அவன் பள்ளியை விட்டுப் போய் நாலு வருஷம் ஆகிவிட்டது. இந்தக் கூட்டத்துக்கு அழைப்பு அனுப்பியிருக்கிறேன். வந்திருந்தால் கையைத் தூக்குப்பா.